இரண்டாம் ஜன்னலில் ஒட்டிய தீர்மானம்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நான் என் சொந்த அண்ணியை வரிசையிலிருந்து திருப்பி அனுப்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கேயாவது நான் நல்லவள் மாதிரித் தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் பதிவுச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு. எனக்கும் பெயர் என்று ஒன்று உண்டு. ஆனால் பதினாறு வருஷமாக எல்லோருக்கும் நான் ‘ரெண்டாம் ஜன்னல்’தான். ஒன்றாம் ஜன்னலில் ஆள் போடுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது, இருந்தும் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. வரிசையில் நிற்பவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘கறார்’ என்று கூப்பிடுவார்கள். அது காதில் விழும்போது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

விதி ரொம்ப எளிது. குடியிருப்பு அட்டையில் இந்த மாவட்டத்து முகவரி இருந்தால் சீட்டு, இல்லாவிட்டால் இல்லை. சீட்டு இல்லாமல் டாக்டர் தொடமாட்டார், ரத்தம் எடுக்கமாட்டார்கள், மருந்தும் கிடையாது. விபத்து, ரத்தப்போக்கு, பிரசவ வலி, மயக்கம் என்று ஒரு அவசரப் பட்டியல் இருக்கிறது. அதில் இருப்பவர்கள் பின்வாசல் வழியாக நேரே உள்ளே போகலாம். மற்ற எல்லோரும் என் ஜன்னலுக்கு வந்தே ஆகவேண்டும். கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘அட்டை இல்லாதவர்களுக்குச் சீட்டு இல்லை. விவாதிக்க வேண்டாம்.’ இரண்டாவது வாக்கியம் நான் சேர்த்தது.

அண்ணிக்கு எட்டாம் மாதம். அதுவரை தெருமுனை கிளினிக்கில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வீங்க ஆரம்பித்ததும், பிரஷர் ஏறுகிறது, இனி வாராவாரம் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டும், தூரப் பயணம் கூடாது என்று அங்கிருந்த டாக்டரம்மா சொல்லிவிட்டார். அண்ணியின் அட்டையிலோ பிறந்த வீட்டு முகவரி. பஸ்ஸில் ஏழு மணி நேரம். கல்யாணமான மறுமாதமே மாற்றக் கொடுத்தாள். ஆனால் நாங்கள் இருப்பது வீட்டுக்காரர் தன் வீட்டுக்குப் பின்னால் கட்டி வாடகைக்கு விட்ட இரண்டு அறை. அதற்குத் தனிக் கதவு எண் கிடையாது. எண் இல்லாத வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது என்று அட்டை அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. எனக்கும் அண்ணனுக்கும் இதே ஊரில் இருந்த பழைய வீட்டு முகவரியிலேயே அட்டை ஓடுகிறது. இடித்துப்போட்ட வீடு அது. இடித்த வீட்டில் இருப்பதாகச் சொல்கிற எங்களுக்கு வைத்தியம் உண்டு, இருக்கிற வீட்டில் இருக்கிற அண்ணிக்கு இல்லை.

இதை நான் வீட்டில் முன்னாலேயே சொன்னேன். அண்ணன் பஸ் டிரைவர். ரோட்டில் எல்லோருக்கும் வழிவிடுவான், வீட்டில் யார் சொல்வதையும் காதில் வாங்கமாட்டான். “நீதான் ஜன்னல்ல இருக்கியே, அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அண்ணியும் அதை நம்பி வந்துவிட்டாள்.

அவளுக்குச் சற்று முன்னால்தான் ஒரு கொத்தனாரை இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியிருந்தேன். கையில் அழுக்குக் கட்டு. ஆள் போகவில்லை, தூணில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் வீட்டு ஆளுக்கு எப்படி எழுதுவது? எழுதவும் மனசில்லை, எழுதாமல் இருக்கவும் மனசில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் பேசிவிட்டது.

“அட்டை வேற மாவட்டம். அடுத்தவங்க வாங்க.”

அண்ணி அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்து, ஜிப்பை முழுசாக இழுத்து மூடிவிட்டு, மெதுவாக நடந்து போனாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் எனக்கு மௌன மரியாதை. சாப்பாட்டுத் தட்டு என் முன்னால் வரும்போது அதற்கு மட்டும் சத்தம் இருந்தது. “பேரு நல்லா வாங்கிட்டே,” என்று அண்ணன் ஒரே ஒரு தடவை சொன்னான்.

அதே வெள்ளிக்கிழமைதான் தலைநகரத்தில் சட்டமன்றம் கூடி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியிருக்கிறது. உடல்நலம் ஒவ்வொருவருக்கும் உள்ள மனித உரிமை, அட்டை இல்லை, முகவரி இல்லை என்ற காரணங்களுக்காக எந்த மனிதருக்கும் சிகிச்சை மறுக்கப்படக்கூடாது என்று இப்பேரவை ஏகமனதாகக் கருதுகிறது. தீர்மானம் எண் நாற்பத்தொன்று. எப்போதும் நாற்காலி பறக்கிற சபையில் அன்று ஒரு கைகூட எதிராக உயரவில்லையாம். ஏன் உயரப்போகிறது? தீர்மானம் என்பது சட்டம் இல்லை, உத்தரவும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது ஓட்டுப் போட்ட எல்லோருக்கும் தெரியும். ‘தகவலுக்காக’ என்று முத்திரை குத்தி அன்றைக்கே ஃபேக்ஸில் எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவிட்டார்கள்.

தகவலுக்காக வரும் காகிதத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சடங்கு உண்டு. நிர்வாகம் பார்க்கும் சூப்பிரண்டு டீ குடித்துக்கொண்டே மூலையில் சின்னக் கையெழுத்துப் போடுவார். படிக்கமாட்டார். ஒரு பிரதி கோப்புக்குப் போகும், இன்னொன்று அறிவிப்புப் பலகைக்கு. ஒட்டுவது அட்டெண்டரின் வேலை. ஐம்பது வயதான மனுஷர், ஒட்டினால் ஒட்டினதுதான், அதனால் அவருக்குக் ‘கோந்து’ என்றே பெயர். மாவோடு வேறு எதையோ கலந்து தானே பசை காய்ச்சுவார். என்ன கலக்கிறார் என்று மருந்தாளுநர் கேட்டும் சொல்லவில்லை. ஒட்டியதும் அறிவிப்புப் புத்தகத்தில் பதிவார். ஒட்டிய தேதி, அகற்றிய தேதி, அகற்ற உத்தரவிட்டவர் கையெழுத்து என்று மூன்று கட்டம்.

அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக் கதவுச் சாவி தொலைந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து கோந்து எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமைதான் சுவருக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். சுவரைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சூப்பிரண்டு சத்தம் போட்டிருந்தார். மனுஷர் என்ன செய்வார்? திங்கட்கிழமை விடிகாலையில் கட்டடம் முழுக்கச் சுற்றிவிட்டு, ஒட்டத் தோதாக இருந்த ஒரே கண்ணாடியில் ஒட்டிவிட்டார். என் கண்ணாடியில். என் அறிவிப்பின் மேலேயே.

நான் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. பழைய அறிவிப்பு என்று நினைத்து வேலையை ஆரம்பித்துவிட்டேன். நாலாவது ஆளாக அந்தக் கொத்தனார் நின்றார். கட்டு இன்னும் அழுக்காகியிருந்தது.

“உங்களுக்குத்தான் அன்னிக்கே சொன்னேனே?”

“சொன்னீங்க மேடம். ஆனா இங்க வேற மாதிரி போட்டிருக்கே?”

அவர் எழுத்துக்கூட்டி, ஆனால் சத்தமாக, முழுசையும் படித்தார். பின்னால் வரிசை அடங்கிப்போய்க் கேட்டது. நான் எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன். சட்டமன்ற முத்திரை, சபாநாயகர் கையெழுத்து, மூலையில் எங்கள் சூப்பிரண்டின் கிறுக்கல்.

“இது உத்தரவு இல்லைங்க. சும்மா தகவலுக்கு,” என்றேன்.

“யாரோட தகவலுக்கு?”

“எங்களோட தகவலுக்கு.”

“அப்போ இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுல்ல?”

பதினாறு வருஷத்தில் என்னிடம் அழுதவர்கள் உண்டு, சபித்தவர்கள் உண்டு, ஒருத்தர் செருப்பைக்கூடக் கழற்றினார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இப்படி யாரும் கேட்டதில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, சீட்டை எழுதினேன். அட்டை எண் என்ற கட்டத்தில் கை ஒரு நிமிஷம் நின்றது. ‘தீர்மானம் 41’ என்று போட்டேன். கொத்தனார் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். எங்கே நான் மனசு மாறிவிடுவேனோ என்ற பயம்.

செய்தி எப்படித்தான் பரவுமோ, மதியத்துக்குள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. கட்டட வேலைக்கு வந்தவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், அட்டையை வெள்ளத்தில் விட்டவர்கள், புருஷனிடமிருந்து ஓடிவந்தபோது அட்டையை எடுத்துவர முடியாத ஒருத்தி. இத்தனை பேரும் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்று நினைத்தேன். இங்கேதான் இருந்திருக்கிறார்கள். நான்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு சூப்பிரண்டு வந்துவிட்டார். டாக்டர்கள் போய்ச் சண்டை பிடித்திருக்கவேண்டும்.

“யாருய்யா இதை இங்க ஒட்டினது?”

“நான்தான் சார்,” என்றார் கோந்து. “உங்க கையெழுத்து மூலையில இருக்கு.”

“எடு முதல்ல.”

“எடுத்துடறேன் சார். சுடுதண்ணி ஊத்திச் சுரண்டினா வந்துடும். இந்தப் புத்தகத்துல ‘அகற்ற உத்தரவிட்டவர்’னு ஒரு கட்டம் இருக்கு, அதுல மட்டும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

சூப்பிரண்டு பேனாவின் மூடியைக் கழற்றினார். அப்புறம்தான் முதல் தடவையாக அந்தக் காகிதத்தைப் படித்தார். முத்திரைக்கு வந்ததும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“விளையாடறியா? நாளைக்கு எவனாவது சட்டமன்றத்தையே அவமதிச்சிட்டான்னு கிளப்பினா? ஒட்டினவன் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. கிழிச்சவன் பேரு பேப்பர்ல வரும்.”

“அப்போ நான் சீட்டு குடுக்கலாமா சார்?” என்றேன்.

“நான் குடுக்கச் சொல்லல.”

“வேண்டாம்னு சொல்றீங்களா?”

“அதையும் நான் சொல்லல!” என்று கத்திவிட்டு, தலைமை அலுவலகத்துக்கு போன் போடப் போனார். அங்கே, ‘சூழ்நிலைக்கேற்ப முடிவெடுக்கவும்’ என்றார்களாம். அதையே எழுத்தில் கொடுங்கள் என்று இவர் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இரண்டு நாள் போன் போய்ப் போய் வந்தது. கடைசியில், வியாழக்கிழமை துணை இயக்குநர் நேரில் வந்து முடிவு செய்வார், அதுவரை எதையும் தொடவேண்டாம் என்று தகவல் வந்தது. துணை இயக்குநர் யாருக்கும் பயப்படாத அம்மா, கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று சூப்பிரண்டு நிம்மதியாகச் சொன்னார். அண்ணியை வரவைக்க எனக்கு இருந்தது வியாழன் வரைதான்.

நான் திங்கட்கிழமை சாயங்காலமே அண்ணியிடம் பேசிப் பார்த்தேன். அவள் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

“அண்ணி, நாளைக்கு வாங்க. சீட்டு தர்றேன்.”

“ஏன் நாத்தனாரே, என் அட்டை மாறிடுச்சா?”

“இல்ல.”

“நான் மாறிட்டேனா?”

“இல்ல அண்ணி. பேப்பர் ஒண்ணு ஒட்டியிருக்காங்க. யாரையும் திருப்பி அனுப்பக்கூடாதாம். சட்டமன்றமே சொல்லிடுச்சு.”

“ஓகோ. பேப்பர் ஒட்டினா நான் மனுஷி. வெள்ளிக்கிழமை ஒட்டல, அதனால நான் என்னவா இருந்தேன்?”

எனக்குக் கோபம் வந்தது. தப்பு என் பேரில் இருக்கும்போதுதான் எனக்கு அதிகம் கோபம் வரும். “அங்க அத்தனை பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்க. எங்க வீட்டு ஆளுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?”

“நீ எனக்குத் தந்திருக்கணும்னு நான் சொல்லல,” என்றாள் அண்ணி. குரலை உயர்த்தாமலே சொன்னாள். “நீ என் முகத்தைப் பாத்திருக்கலாம். அட்டையை மட்டும் பாத்துட்டு ‘அடுத்தவங்க வாங்க’ன்னே. நான் உன் ஜன்னலுக்கு இனிமே வரமாட்டேன்.”

அண்ணன் சுவரைப் பார்த்து, “ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொல்லுங்க,” என்றான்.

செவ்வாய்க்கிழமை கெஞ்சினேன். புதன்கிழமை பேரம் பேசினேன். நான் லீவு போட்டுவிடுகிறேன், ஜன்னலில் கோந்து உட்காருவார், அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், என் முகத்தையே பார்க்கவேண்டாம் என்றேன். அதற்கு மட்டும் சிரித்தாள். “அந்த ஆளு சீட்டை என் கையிலயே ஒட்டிடுவாரு.” சிரித்தாளே தவிர, வருகிறேன் என்று சொல்லவில்லை. கன்னமும் விரல்களும்கூட உப்பியிருந்தன. வளையல் கழற்ற வரவில்லை. பிரஷர் ஏறிய கர்ப்பிணிகளை வாரத்துக்குப் பத்துப் பேர் பார்க்கிறவள் நான். அதில் சிலர் எப்படித் திரும்பிப் போவார்கள் என்றும் பார்த்திருக்கிறேன். அன்று நான் நன்றாகப் பயந்துபோனேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு துணை இயக்குநர் வந்தார். ஒல்லியான அம்மா, கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்கும் கண்ணாடி. சூப்பிரண்டு அறையில் நல்ல நாற்காலி போட்டிருந்தும் அங்கே போகவில்லை. நேராக என் கவுண்டருக்குள் வந்து, ஒன்றாம் ஜன்னலின் காலி நாற்காலியில் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

“தீர்மானம் நாப்பத்தொண்ணு, தீர்மானம் நாப்பத்தொண்ணு... மொத்தம் எத்தனை?”

“நூத்தி இருபத்தேழு மேடம்.”

“யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?”

“சட்டமன்றம் சொல்லியிருக்கு மேடம்.”

“சட்டமன்றம் உங்களுக்கு உத்தரவு போடல. கருத்து சொல்லியிருக்கு. எனக்கும் ஆயிரம் கருத்து இருக்கு, அதையெல்லாம் நான் பதிவேட்டுல எழுதறதில்ல. டாக்டர் எத்தனை பேர் இருக்காங்க, மருந்து எவ்வளவு இருக்குன்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன் மேடம். சட்டமன்றம் யோசிச்சிருக்கும்னும் நினைச்சேன்.”

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பின்வாங்குகிற ரகம் இல்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ‘மேற்படி தீர்மானத்தின் பிரதியை உடனடியாக அகற்றி, நடைமுறையில் உள்ள விதியைப் பின்பற்றுமாறு’ என்று எழுத ஆரம்பித்தார். கொழுகொழு கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. வெளியே கோந்து சுடுதண்ணிப் பாத்திரத்தோடு தயாராக நின்றார். சூப்பிரண்டு அவருக்குப் பின்னால் நின்றார்.

நான் அடுத்த சீட்டுக்காகத் தலையைத் தூக்கினேன். வரிசையில் மூன்றாவது ஆளாக அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு கையால் தூணைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை நெற்றியில். கூப்பிட்டு முன்னால் நிறுத்தியிருக்கலாம். முன்னால் நின்ற இரண்டு பேரில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி, இன்னொருவர் நிற்கவே முடியாத முதியவர். அண்ணி என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அட்டை இருந்த அந்த இருவரின் சீட்டையும் என் வாழ்நாளில் எழுதாத வேகத்தில் எழுதினேன். பக்கத்தில் அந்தப் பேனாவும் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி வந்து அட்டையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“தலை ரொம்ப வலிக்குது. கண்ணு மங்கலா இருக்கு.”

அவசரப் பட்டியலில் தலைவலி கிடையாது. துணை இயக்குநர் கையை நீட்டி அட்டையை எடுத்துப் பார்த்தார். “வேற மாவட்டம்,” என்றார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, உடனே கேட்டார். “யாரு இவங்க?”

யாரோ என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனி வரை வந்தது. “என் அண்ணி மேடம்.”

“ஓ! அப்போ இவங்களுக்காகத்தான் இந்த நூத்தி இருபத்தேழு சீட்டுமா?”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என் வேலை போகும், வீட்டில் சோறு எனக்கு இனிமேல் சத்தமாகவாவது வருமா என்றெல்லாம் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

“அந்த நூத்தி இருபத்தேழுல இவங்க இல்ல மேடம். இவங்களை வெள்ளிக்கிழமையே திருப்பி அனுப்பிட்டேன். விதிப்படி அனுப்பினேன், என் வீட்டு ஆளுன்னு தெரிஞ்சே அனுப்பினேன். அதுல இருந்து இவங்க என்கூட முகம் குடுத்துப் பேசறதில்ல. என்னால இன்னொரு தடவை அதைச் சொல்ல முடியாது. நீங்க எழுதறதை அப்புறம் எழுதலாம். இந்தாங்க என் நாற்காலி. இங்க உக்காந்து, இவங்க முகத்தைப் பாத்து, ‘அட்டை வேற மாவட்டம், அடுத்தவங்க வாங்க’ன்னு நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்க. அவ்வளவுதான் இந்த வேலை.”

சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வெளியே சூப்பிரண்டு தலையில் கை வைத்துக்கொண்டார்.

துணை இயக்குநர் என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் நாற்காலிக்கு மாறவில்லை. ஆனால் குனிந்து, ஜன்னல் வழியாக அண்ணியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், நெற்றியில் இருந்த கையைப் பார்த்தார், எட்டிக் கால்களையும் பார்த்தார்.

“எத்தனை மாசம்மா?” என்று கேட்டார்.

“எட்டு.”

“எப்போ இருந்து கண்ணு மங்குது?”

“காலைல இருந்து.”

துணை இயக்குநர் என் பக்கம் திரும்பி எரிந்து விழுந்தார். “என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க? சீட்டு எழுதுங்க! யோவ், அந்தத் தண்ணியைக் கீழ வச்சிட்டு சக்கர நாற்காலி கொண்டா!”

கோந்து பாத்திரத்தைச் சூப்பிரண்டின் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினார். நூற்று இருபத்தெட்டாவது சீட்டை நான் எப்படி எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. பின்னால் பதிவேட்டைப் பார்த்தால், கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

பாதி எழுதிய தாளைத் துணை இயக்குநர் நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பெரிய அதிகாரிகள் எதையும் குப்பைக்கூடையில் போடமாட்டார்கள். போவதற்கு முன் வேறொரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ‘மேற்படி பொருள் குறித்து அரசிடம் தெளிவுரை கோரப்பட்டுள்ளது. தெளிவுரை வரும்வரை தற்போதைய நிலை தொடரலாம்.’ சூப்பிரண்டு அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. அவர் கையெழுத்துப் போடவேண்டியதில்லை பாருங்கள்.

தெளிவுரை இன்னும் வரவில்லை. அரசாங்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த வரையில், வர அவசரமும் இல்லை. மருந்து இரண்டு தடவை தீர்ந்தது, மூன்றாவது தடவை கூடுதலாக அனுப்பினார்கள். ஒன்றாம் ஜன்னலுக்கு ஆள் போட்டுவிட்டார்கள். டாக்டர்கள் என்னை முறைக்கிறார்கள், முறைத்துக்கொண்டே வைத்தியமும் பார்க்கிறார்கள்.

அண்ணியை அன்று அப்படியே படுக்கவைத்துவிட்டார்கள். பிரஷரைப் பார்த்த நர்ஸ் இன்னொரு தடவை கட்டிப் பார்த்தாள், மெஷின் கெட்டுவிட்டதோ என்று. சாயங்காலம் வரை விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அண்ணன் டெப்போவிலிருந்து யூனிஃபாரத்தோடு ஓடிவந்தான். வார்டு வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் காலையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். ஒன்றே முக்கால் கிலோ. பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, பதின்மூன்றாம் நாள் அம்மாவிடம் வந்துவிட்டாள்.

அன்று மதியம் வேலைக்கு நடுவில் வார்டுக்குப் போனேன். அண்ணி குழந்தையை மார்பில் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்து பழைய முகம் வந்திருந்தது. நான் வாய் ஓயாமல் பேசினேன். குழந்தைக்கு என் மூக்கு, அண்ணனின் பிடிவாதம் என்று என்னென்னவோ. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும்,” என்றாள்.

“கேளுங்க அண்ணி.”

“அன்னிக்கு அந்த அம்மா ஒரு மணி நேரம் முன்னாடியே கையெழுத்துப் போட்டு, பேப்பரையும் சுரண்டி எடுத்திருந்தா, அதுக்கப்புறம் நான் வந்து நின்னிருந்தா, நீ என்ன பண்ணியிருப்பே?”

நல்ல பதில் ஒன்று கையருகிலேயே இருந்தது. அவள் அதை நம்பியும் இருப்பாள். ஆனால் நான் அந்த ஜன்னலில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என் வாய் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

“அனுப்பியிருப்பேன் அண்ணி,” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

“தெரியும். காலைல எழுந்ததுமே கண்ணு இருட்டுச்சு. போலாமா வேண்டாமா, போனா திருப்பி அனுப்புவாளோன்னு கட்டில்ல உக்காந்து ரெண்டு மணி நேரம் யோசிச்சேன். இவ உள்ள உதைச்சுக்கிட்டே இருந்தா.”

நான் அழுதுவிட்டேன். வார்டு முழுக்கப் பார்த்தது. எனக்குத் தெரிந்த நர்ஸ்கள், நான் சீட்டு எழுதிக் கொடுத்த பெண்கள், எல்லோரும் பார்த்தார்கள். கறாராவது, மண்ணாவது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி என்னை அழவிட்டாள். சமாதானம் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “போதும், போய் நல்லா சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டு வா,” என்றாள். “வந்து இவளைப் புடி. எனக்கு முதுகு வலிக்குது.”

போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.